ஓடுகிற கணினியை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள், தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் குத்தகை, முன்பக்கம் உரமும் களைக்கொல்லியும் விற்கும் கடை. எல்லாவற்றுக்குமாக எட்டுக் கணினிகள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது, எட்டையும் மாற்றியாக வேண்டும் என்று ஈப்போவில் ஒரு கடைக்காரர் 22,400 ரிங்கிட்டுக்கு விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். அலுவலகச் செயலிகளுக்கு மாதச் சந்தா தனி. "லினக்ஸ் போட்டால் எல்லாம் இலவசம் என்கிறார்களே, நம்பலாமா அண்ணே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி நம்பலாம். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இயங்குதளம். அந்த மென்பொருள் இலவசம்தான், மாறுவது இலவசம் இல்லை. நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து, பிறகு இருபது ஆண்டுகளாக இந்த வட்டாரத்துக் கடைகளுக்குக் கணினி பார்த்துக் கொடுப்பவன். முழுவதையும் ஒரே வாரத்தில் லினக்ஸுக்கு மாற்றிவிட்டு மூன்றாம் மாதம் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எதை மாற்றக்கூடாது என்று முதலில் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் பணம் மிஞ்சியது.

அந்த விலைப்பட்டியலிலிருந்தே ஆரம்பிப்போம். ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது உண்மை. அன்றோடு கணினி நின்றுவிடவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நின்றது. வங்கிக் கணக்கும் ஆட்களின் சம்பள விவரமும் இருக்கும் இடத்தில் அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் எட்டையும் மாற்ற வேண்டும் என்பது விற்பவர் கணக்கு. உங்களிடம் உள்ளவற்றில் மூன்று 2019-க்குப் பிறகு வாங்கியவை என்கிறீர்கள். விண்டோஸ் 11 கேட்பது இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சில்லும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறும். இந்த மூன்றிலும் அவை இருக்க வாய்ப்பு அதிகம். "உங்கள் கணினி தகுதி பெறவில்லை" என்று திரையில் வந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். பல கணினிகளில் டிபிஎம், பயாஸ் என்ற அடிப்படை அமைப்புக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கிவிட்டால் விண்டோஸ் 11-க்குக் காசில்லாமல் ஏறிவிடலாம். ஆக, மூன்று கணினிகளுக்கான பணம் பட்டியலிலிருந்து இப்போதே கழிந்தது.

மிச்சம் ஐந்து. நான்காம், ஆறாம் தலைமுறைச் சில்லுகள் உள்ள பழைய அலுவலகக் கணினிகள். இவற்றை விண்டோஸ் 10-லேயே வைத்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களுக்கு ஒரு கட்டண வழி வைத்திருக்கிறது. ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 அமெரிக்க டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. அதற்குமேல் நீட்டிப்பு இல்லை. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் முதல் ஆண்டுப் பணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டும். மூன்றாண்டுக்கு ஒரு கணினிக்கு 427 டாலர். பத்து வயதுப் பெட்டிக்கு இந்தப் பணத்தைக் கட்டுவது, தேய்ந்த டயருக்குச் சாயம் பூசுவது போல. இந்த ஐந்துதான் லினக்ஸுக்கு ஏற்றவை.

இன்னொன்றையும் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மைத்துனர் ஒருவர் ஐந்து கணினிகளிலும் ஆபீஸ் "போட்டுக் கொடுத்தார்" என்று. எப்படிப் போட்டார் என்று நான் கேட்கப் போவதில்லை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, தொழிலுக்காகத் திருட்டுப் பிரதி வைத்திருந்தால் ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவு கதவைத் தட்டுமா தட்டாதா என்று கணக்குப் போடுவதை விடுங்கள். ஆபீஸின் உரிமப் பூட்டை உடைக்கும் கோப்புகளோடு என்னென்ன உள்ளே நுழைந்திருக்கின்றன என்பதுதான் என் கவலை. ஆகவே, நீங்கள் லினக்ஸுக்குப் போகாவிட்டாலும் அந்த ஐந்தையும் துடைத்துச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

மாற்றும் வரிசைக்கு வருகிறேன். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். இயங்குதளத்தை முதலில் மாற்றாதீர்கள். விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். அதன்மேல் ஓடும் செயலிகளை மாற்றுங்கள். ஆபீஸுக்கு மாற்றான லிப்ரெஆபீஸ், இணைய உலாவியான ஃபயர்பாக்ஸ், மின்னஞ்சலுக்கான தண்டர்பேர்ட் மூன்றும் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். கை அவற்றுக்குப் பழகியபிறகு கீழே இருக்கும் விண்டோஸை உருவிவிட்டு லினக்ஸைச் செருகினால், வேலை செய்பவருக்குப் பின்னணிப் படம் மாறியது போலத்தான் இருக்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பிரான்ஸ் நாட்டின் ஜான்டார்மரி காவல் படை இப்படித்தான் செய்தது: 2005-இல் ஓப்பன்ஆபீஸ், அடுத்து ஃபயர்பாக்ஸும் தண்டர்பேர்டும், 2008-இலிருந்துதான் உபுண்டு லினக்ஸ். இன்றும் அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மறுபக்கம் ஜெர்மனியின் மூனிக் நகராட்சி. 2003-இல் முடிவெடுத்துப் பத்தாண்டு பாடுபட்டு ஏறக்குறைய 15,000 கணினிகளை லினக்ஸுக்குக் கொண்டுபோனார்கள். 2017-இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று நகர மன்றம் தீர்மானித்தது. அதில் அரசியலும் உண்டு. ஆனால் வெளியாரோடு கோப்புப் பரிமாறும்போது வந்த தகராறு எரிச்சலாக வளர்ந்ததும் உண்டு. அந்தத் தகராறு உங்களுக்கும் வரும். எப்படி வரும் என்று எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

உங்களைப் போலவே குத்தகைத் தொழில் செய்யும் ஓர் அலுவலகம். அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா பதினெட்டு ஆண்டுகளாக இருப்பவர். அந்தத் தொழிலே அவருடைய ஓர் எக்செல் கோப்பில்தான் ஓடுகிறது. பதினான்கு தாள்கள்: ஆள் வருகைப் பதிவு, ஒவ்வொரு லோரியின் எடைச்சீட்டு, முன்பணம், சேமநிதிப் பிடித்தம், சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிப் பிடித்தம், கடைசியில் சம்பளச் சீட்டு. நான் வீறாப்பாக லினக்ஸ் போட்டு, லிப்ரெஆபீஸில் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அக்காவின் குரல் வாசல்வரை கேட்டது: "சம்பளத்தையெல்லாம் காணோம்!"

சம்பளப் பத்தி முழுக்க மூன்று மூன்று வேலிக்குறிகள் (###). ரிங்கிட் இருந்த இடத்திலெல்லாம் வேலி. கோப்பு கெடவில்லை. அவர் பயன்படுத்தியது கலிப்ரி எழுத்துரு. அது மைக்ரோசாஃப்ட்டுடையது, லினக்ஸோடு வராது. அதற்குப் பதிலாக வந்த எழுத்துரு சற்றே அகலம். எண் கட்டத்துக்குள் அடங்காவிட்டால் லிப்ரெஆபீஸ் அதைப் பாதியாக வெட்டிக் காட்டாது, வேலியடைத்துவிடும். எக்செல்லும் அப்படித்தான். கலிப்ரியின் அதே அகலத்தில் கார்லிட்டோ என்ற இலவச எழுத்துரு இருக்கிறது. கேம்ப்ரியாவுக்குக் கலடியா, ஏரியலுக்கு லிபரேஷன் சான்ஸ். கார்லிட்டோவை நிறுவிக் கோப்பை மூடித் திறந்தேன். சம்பளம் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அக்காவின் நம்பிக்கை திரும்பி வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் கால்குலேட்டரில் தட்டிச் சரிபார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அறுபது குடும்பத்தின் சோறு அந்தத் தாளில் இருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. 2023-இலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் இயல்பு எழுத்துருவை ஏப்டோஸ் என்று மாற்றிவிட்டது. கலிப்ரிக்குக் கார்லிட்டோ போல அளவு பிசகாத இரட்டை இதற்கும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெளியிலிருந்து வரும் புதிய கடிதங்களில் வரிகள் நகர்ந்து தெரியும். படிக்கலாம், அதையே திருத்தித் திருப்பி அனுப்புவதென்றால் கவனம். வெளியே போகும் விலைப்பட்டியல், கடிதம் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக அனுப்பும் வழக்கத்தை இன்றே ஆரம்பியுங்கள். லிப்ரெஆபீஸில் அதற்கு மேலேயே பொத்தான் இருக்கிறது.

உங்கள் அலுவலக எக்செல்லில் மேக்ரோ ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாச் சம்பளச் சீட்டும் தானாக அச்சாகிறது என்றால் அது மேக்ரோ. சிறியவை லிப்ரெஆபீஸிலும் ஓடிவிடும், பெரியவை பெரும்பாலும் நொண்டும். நொண்டினால் போராடாதீர்கள். அந்த ஒரு கணினிக்கு முறையான ஆபீஸ் உரிமம் வாங்கிவிடுங்கள். ஒன்றுக்குப் பணம் கட்டி ஏழுக்கு மிச்சம் பிடிப்பது நல்ல வியாபாரம்.

பதிவிறக்கும்போது பெயரில் ஏமாறவேண்டாம். ஓப்பன்ஆபீஸ் என்ற பெயர் நம் நாட்டில் பலருக்குப் பழக்கம். 2004-இல் அரசாங்க நிர்வாக நவீனமயத் திட்டப் பிரிவான மாம்பு, பொதுத்துறைக்கான திறமூல (நிரல் வெளிப்படையாக இருக்கும்) மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்ட காலத்தில் அரசாங்க அலுவலகங்களில் அது புழங்கியது. 2010-இல் அதன் நிரலாளர்களில் பலர் பிரிந்து வந்து லிப்ரெஆபீஸைத் தொடங்கினார்கள். பழையது அப்பாச்சி ஓப்பன்ஆபீஸ் என்ற பெயரில் இன்னும் கிடைக்கிறது. ஆனால் அதன் கடைசிப் பெரிய வெளியீடு 2014-இல் வந்தது, வேர்டின் டாக்எக்ஸ் கோப்பாகச் சேமிக்கவும் அதற்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டியது லிப்ரெஆபீஸ். நிறுவியதும் அமைப்புகளில் இரண்டு மாற்றம்: சேமிக்கும் வடிவத்தை எக்செல், வேர்ட் என்று வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தோட்ட அலுவலகத்துக்கு அனுப்பும் கோப்பு அங்கே திறக்கவில்லை என்று தொலைபேசி வரும். மேல்பட்டையைத் தாவல் வடிவத்துக்கு மாற்றுங்கள். பார்வைக்குப் பழகிய ஆபீஸ் போலவே இருக்கும், பாதி முணுமுணுப்பு அதிலேயே அடங்கும்.

விண்டோஸிலேயே இருக்க வேண்டியவை எவை? முதலில் கணக்கு மென்பொருள். எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்று இங்கே பரவலாகப் புழங்குபவை விண்டோஸை நம்பிப் பிறந்தவை. லினக்ஸுக்குள் அவற்றை ஓட வைக்கும் வித்தைகள் உண்டு, நானும் செய்து பார்த்திருக்கிறேன். சொந்த வீட்டில் செய்யலாம். தணிக்கையாளர் காத்திருக்கும் அலுவலகத்தில் செய்யக்கூடாது. குனுகேஷ் என்ற திறமூலக் கணக்குச் செயலி நன்றாகவே இருக்கும். ஆனால் உங்கள் கணக்காய்வாளர் அதைத் திறந்து பார்க்க மாட்டார், அவருக்காக நீங்கள் எல்லாவற்றையும் இன்னொரு முறை தட்டிக் கொடுக்க நேரும். இ-இன்வாய்ஸ் என்ற மின்விலைப்பட்டியல் கட்டாயமும் இருக்கிறது. ஆண்டு விற்பனை 10 லட்சம் முதல் 50 லட்சம் ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு 2026 ஜனவரி 1-இலிருந்து அது வந்துவிட்டது. வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம், உலாவியிலேயே திறக்கும், லினக்ஸிலிருந்தும் செய்யலாம். மாதத்துக்கு இருபது இன்வாய்ஸ் என்றால் அங்கேயே தட்டிவிடலாம். உங்கள் லோரிக் கணக்குக்கு அது கட்டாது. கணக்கு மென்பொருளே நேராக அனுப்பட்டும். ஆக, விண்டோஸ் 11 ஏறிய மூன்றில் ஒன்று கணக்குக்கு.

இரண்டாவது, கைரேகை வருகைப் பதிவு இயந்திரத்தோடு பேசும் கணினி. அந்த இயந்திரங்களோடு வரும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும்தான். மூன்றாவதை உங்கள் அலுவலகத்தில் சம்பளக் கோப்புப் பார்க்கும் அக்காவின் மேசைக்கு ஒதுக்குங்கள். எங்கு மிச்சம் பிடித்தாலும் அவர் மேசையில் பிடிக்காதீர்கள்.

மற்ற ஐந்தும் என்ன வேலை செய்கின்றன? கடை முகப்பில் விலை பார்ப்பது, மின்னஞ்சல், வாட்ஸ்அப், சேமநிதி, சொக்சோ தளங்களைத் திறப்பது, வங்கித் தளம், டெலிவரி ஆர்டர் அடிப்பது. அச்சுப்பொறியைத் தவிர மற்றதெல்லாம் உலாவியிலேயே முடிகிற வேலை. இதற்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மிண்ட் போதும். விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு இதைவிட இணக்கமான ஒன்றை நான் பார்க்கவில்லை: கீழே இடது மூலையில் தொடக்கப் பட்டி, வலது மூலையில் கடிகாரம். இதன் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 4 ஜிபி நினைவகம் இருந்தாலே நகரும்; 8 ஜிபியும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமும் போட்டால் நன்றாக ஓடும். பழைய சுழலும் வட்டு இன்னும் உள்ளே இருந்தால் அதைக் கழற்றுவதற்காகவாவது கொஞ்சம் செலவழியுங்கள். கணினி மெதுவாக இருக்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி அந்த வட்டால்தான்.

அச்சுப்பொறிதான் அடுத்த இடக்கு. கடையில் மூன்று படிவக் கார்பன் தாளில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் இருக்கும் என்று நினைக்கிறேன். தோட்டக் கிடங்குக்குப் பொருள் கொண்டுபோகும்போது கையெழுத்து மூன்று படியிலும் விழ வேண்டுமே. எப்சன் 24 ஊசி வகை என்றால் லினக்ஸில் அதற்கான இயக்கி உண்டு. சிக்கல் தாளின் அளவில் வரும். இயல்பாக ஏ4 என்றிருக்கும். உங்கள் தொடர்தாள் 9.5 அங்குல அகலம், 11 அங்குல உயரம், பாதித்தாள் என்றால் 5.5. இதைக் கையால் அமைக்காவிட்டால் முதல் ரசீது சரியாக விழும், இரண்டாவது ஏறக்குறைய முக்கால் அங்குலம் இறங்கும், பத்தாவது ரசீதில் கடையின் பெயர் தாளின் நடுவில் நிற்கும். விலை மலிந்த சில லேசர் அச்சுப்பொறிகளோ லினக்ஸைக் கண்டாலே முகம் திருப்பிக்கொள்ளும். மிண்டை யூஎஸ்பி குச்சியில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். அப்படித் தொடங்கி ஒவ்வோர் அச்சுப்பொறியிலும் ஒரு தாள் அடித்துப் பாருங்கள். அடிக்காவிட்டால் குச்சியை உருவிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்; விண்டோஸ் இருந்தபடியே இருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்வதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், கோயில் கமிட்டி வேலையும் உங்கள் தலையில் என்பதால். மிண்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறை வழியாகத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு விசைப்பலகை எல்லாம் கிடைக்கும். யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பழைய திருவிழா அழைப்பிதழ்கள் மட்டும் புரியாத குறிகளாகத் தெரியும். அவற்றை ஒரு முறை யுனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். விண்டோஸிலேயே இருந்தாலும் என்றோ ஒருநாள் செய்ய வேண்டிய வேலைதான்.

"இலவசம்" என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூரத்திலிருந்து கணினியைப் பார்க்கும் சில செயலிகள் வீட்டுக்கு இலவசம், தொழிலுக்குக் கட்டணம். டீம்வியூவர் அப்படி. சும்மா பயன்படுத்திக்கொண்டே இருந்தால் ஒருநாள் நடுவேலையில் துண்டித்துவிடும். திறமூலத்தில் ரஸ்ட்டெஸ்க் இருக்கிறது. லிப்ரெஆபீஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. கடையில் போட்டாலும் ஆலையில் போட்டாலும் உரிமக் கட்டணம் கிடையாது. அதை வட்டில் ஏற்றி விலை சொல்பவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மிஞ்சும் பணத்தில் கொஞ்சத்தை இரண்டு வெளிவட்டுகளுக்கு ஒதுக்குங்கள். மாலை மழையில் இடி விழுந்து மோடமும் அதோடு சேர்ந்த கணினியும் கருகுவது நம் பக்கத்தில் புதிது இல்லை. ஒரு வட்டு அலுவலகத்தில், மற்றது உங்கள் வீட்டில், வெள்ளிக்கிழமைதோறும் மாற்றிக்கொள்ளுங்கள். மிண்டில் டைம்ஷிஃப்ட் என்ற காப்புச் செயலி இருக்கிறது, அதை நம்பி ஒருவர் மோசம் போனதைப் பார்த்தேன். அது இயங்குதளத்தை மட்டும்தான் காப்பாற்றும். உங்கள் கோப்புகளை இயல்பாகத் தொடாது. கோப்புகளுக்கு வேறு காப்புச் செயலி அதிலேயே உண்டு, அதைத் தனியாக அமைக்க வேண்டும். அமைத்தபின் ஒரு கோப்பை வேண்டுமென்றே நீக்கிவிட்டு மீட்டுப் பாருங்கள். மீட்க வராத காப்பு வெறும் பெட்டி.

ஆள் செலவையும் கணக்கில் எழுதுங்கள். முதல் இரண்டு வாரம் ஒவ்வொருவரும் மெதுவாகத்தான் வேலை செய்வார்கள். கடையில் நிற்கும் பையன்கள் இரண்டே நாளில் பழகிவிடுவார்கள். அக்காவுக்கு லிப்ரெஆபீஸ் பழக இரண்டு சனிக்கிழமை, சம்பளத்தோடு கொடுங்கள். விண்டோஸில்தான் இருக்கப் போகிறார் என்றாலும் மற்றவர்கள் அனுப்பும் கோப்பு அவரிடம்தானே வந்து சேரும். ஈப்போக் கடையின் பட்டியலோடு ஒப்பிட்டால் இந்தச் சம்பளம், வட்டுகள், நினைவகம் எல்லாம் சேர்ந்தும் சிறு தொகைதான்.

எப்போது ஆரம்பிப்பது என்றால், மாதக் கடைசியில் வேண்டாம். சம்பளத்தை மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும், சேமநிதியும் சொக்சோவும் 15-ஆம் தேதிக்குள். அதைக் கட்டி முடித்த மறுநாள், 16-ஆம் தேதி, முதலில் உங்கள் சொந்தக் கணினியில் லிப்ரெஆபீஸைப் போடுங்கள். அக்காவின் கோப்பில் ஒரு பிரதி எடுத்து அதில் திறந்து பாருங்கள். வேலி தெரிந்தால் கார்லிட்டோ. அதற்கும் மசியாவிட்டால் அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அக்காவிடம் காட்டுவதற்கு முன்பு.